ஒரு டாலருக்குக் கைமாறிய பாலம்

பொகிப்சி ரயில் பாலத்தைப் பற்றி யார் எழுதினாலும் 'மக்கள் கூடிக் காப்பாற்றிய பாலம்' என்றே எழுதுகிறார்கள். பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. என்னைக் கேட்டால், இடிக்கப் பணம் இல்லாததுதான் முதலில் அதைக் காப்பாற்றியது.

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ஹட்சன் ஆற்றின் மேல் 1889-ல் திறந்த பாலம் இது. வடக்கே இருக்கும் ஆல்பனி நகரத்துக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஆற்றைக் கடக்க அப்போது வேறு பாலமே கிடையாது. பென்சில்வேனியா நிலக்கரி இதன் வழியாக அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துக்குப் போனது. ரயில்களின் கனம் கூடியதும் நடுவில் இன்னொரு வரிசை இரும்புச் சட்டம் கொடுத்துப் பலப்படுத்தினார்கள். அத்தனையும் தாங்கிய பாலத்தை 1974 மே மாதத் தீ முடித்துவைத்தது. ரயிலிலிருந்து பறந்த பொறி என்கிறார்கள். ஸ்லீப்பர் கட்டைகள் பற்றி எரிந்தன. உரிமையாளரான பென் சென்ட்ரல் ரயில் கம்பெனி ஏற்கெனவே திவால். பழுது பார்க்கவும் வழியில்லை, பிரித்துப்போடவும் வழியில்லை. அதன் இடத்துக்கு அப்புறம் வந்த கான்ரெயில் என்ற ரயில் கம்பெனி 1984-ல் ஒரு தனியாளுக்கு அதை விற்றது. விலை ஒரு டாலர்! தலைவலியைத் தள்ளிவிட வேறென்ன விலை சொல்ல முடியும்?

இரண்டு கிலோமீட்டர் நீளம், ஆற்றிலிருந்து 212 அடி உயரம், கரையில் அதற்கு அடியிலேயே வீடுகள். 35 வருடம் அந்தத் துருவைத் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டு குடியிருந்தவர்கள் 'இடித்துத் தொலையுங்கள்' என்று சொல்லியிருந்தால் தப்பே இல்லை. பழையதைக் காப்பாற்றுவோம் என்று பேசும் நம்மைப் போன்றவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

1992-ல் உள்ளூர்க்காரர்கள் சிலர் அமைப்பாகச் சேர்ந்தார்கள். 1998-ல் பாலம் அவர்கள் கைக்கு வந்தது. சுமார் 3 கோடியே 90 லட்சம் டாலர் செலவில் 2009 அக்டோபரில் நடைபாலமாகத் திறந்தார்கள்.

எனக்குப் பிடித்தது, அதை ரொம்ப அலங்கரிக்காமல் விட்டதுதான். பழைய இரும்பின் மேல் கான்கிரீட் பலகைகள், இருபுறமும் கைப்பிடிக் கம்பி, அவ்வளவுதான். நடுவில் நின்று எட்டிப் பார்த்தால் கிழக்குக் கரையோரம் பயணிகள் ரயில் புழு மாதிரி ஊர்ந்து போகிறது. ரயில் பாலத்தில் மனிதர்கள், அடியில் ரயில்!

ஆனால் இந்தத் திட்டம் ஜெயித்ததற்குப் பாலத்தை விடப் பாலத்துக்கு வந்து சேரும் தடம்தான் காரணம் என்பேன். கிழக்கே டச்சஸ் ரயில் டிரெயில், மேற்கே ஹட்சன் வேலி ரயில் டிரெயில். இரண்டும் பழைய தண்டவாளப் பாதைகள், இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவுமான தடங்கள். அவை வீட்டுமனையாகத் துண்டு துண்டாகப் போயிருந்தால் இது செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பும் இடமாகவே நின்றிருக்கும். இப்போது பக்கத்து ஊர்க்காரர்கள் சைக்கிளிலேயே ஆற்றைக் கடக்கிறார்கள்.

போகிறவர்கள் குளிர்காலமென்றால் காதை மூடும் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மேலே காற்று பிய்த்து எடுக்கிறது.