வி.எஃப்.டி. இருக்கிறது, ஆனால் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் புதிதாக எழும் பெரிய ஜவுளிக்கடை, மருத்துவமனை, திருமண மண்டபம் போன்றவற்றின் உரிமையாளர்களிடம் குளிர்சாதன வசதியைப் பற்றிக் கேட்டால், "சில்லர் பம்புக்கெல்லாம் வி.எஃப்.டி. போட்டாயிற்று, கரண்ட் மிச்சம்" என்ற பதில் தயாராக வருகிறது. சில்லர் என்பது குளிர்சாதனத்துக்கான நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்; வி.எஃப்.டி. என்பது மின்சாரத்தின் அதிர்வெண்ணை (ஹெர்ட்ஸ்) மாற்றி, அந்த நீரைத் தள்ளும் பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. பேனல் அறைக்குள் போய்ப் பார்த்தால், திரையின் மேல் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல், முழு வேகத்தைக் குறிக்கும் 50.00 என்ற எண் காலை முதல் இரவு வரை அசையாமல் நிற்கிறது. முழு வேகத்திலேயே ஓடும் பம்புக்கு வி.எஃப்.டி. எதற்கு? அதற்குள்ளேயே ஏற்படும் இழப்பையும் சேர்த்துக்கொண்டால், இந்த நிலையில் அது சிறிதளவு மின்சாரத்தைக் கூடுதலாகத்தான் தின்கிறது.

இதன் அடிப்படைக் கணக்கு நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. காற்றின் வேகம் பாதியானால் அதில் கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்பது ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அத்துபடி. பம்பிலும் இதே மும்மடிக் கணக்குதான்: குழாய் உராய்வு மட்டுமே எதிர்ப்பாக இருக்கும்போது, வேகத்தை 50 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஆகக் குறைத்தால் தேவைப்படும் திறன் ஏறத்தாழ பாதியாகிறது. ஆனால், வேகம் குறைய வேண்டுமானால் தண்ணீரின் தேவை முதலில் குறைய வேண்டும்; அதைக் குறைப்பது, அறைக்காற்றைக் குளிர்விக்கும் காயிலின் (குளிர்நீர் ஓடும் குழாய்ச்சுருள்) வாயில் இருக்கும் வால்வின் வேலை.

நான் பார்த்தவரையில் கோளாறு பெரும்பாலும் இந்த வால்வில்தான் தொடங்குகிறது. 100 டன் (இங்கே டன் என்பது குளிரூட்டும் திறனின் அளவு) சில்லரை எடுத்துக்கொள்வோம். 7 டிகிரியில் அனுப்பிய நீர் 12 டிகிரியில் திரும்புவதாக வைத்தால், முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 60 கனமீட்டர் நீர் ஓட வேண்டும். மூவழி வால்வு பொருத்திய கட்டடத்தில், கடையில் கூட்டம் கலைந்து சுமை பாதியானாலும் அதே 60 கனமீட்டர் ஓடுகிறது. காயிலுக்கு வேண்டாத நீர் பக்கவழியாகச் சுற்றிக்கொண்டு, 9.5 டிகிரியில் திரும்பி வருகிறது. இருவழி வால்வாக இருந்தால் அது தன்னைக் குறுக்கிக்கொள்ளும், குழாயில் அழுத்தம் ஏறும், அதை உணர்ந்து வி.எஃப்.டி. பம்பின் வேகத்தை இறக்கும். பழைய மூவழி வால்வுகளை அப்படியே விட்டுவிட்டு பம்புக்கு மட்டும் வி.எஃப்.டி. விற்றுச் செல்பவர்கள் எதை விற்றார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அடுத்தது, அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சார் இருக்கும் இடம். வயர் மிச்சம் என்று பம்பின் வாயருகிலேயே அதைப் பொருத்திவிடுகிறார்கள். அங்கே பொருத்தினால் முழு ஓட்டத்துக்கான அழுத்தத்தையே எந்நேரமும் காக்க வேண்டியிருக்கும். கடைக்கோடியில் உள்ள காயிலின் அருகே வைத்தால், அந்தக் காயிலுக்கும் அதன் வால்வுக்கும் வேண்டிய அழுத்தத்தைக் காத்தாலே போதும். அப்போதும், பாதி ஓட்டத்துக்கு எட்டில் ஒரு பங்கு திறனே போதும் என்று விற்பனையாளர் காட்டும் கணக்கு பலிக்காது. மொத்த அழுத்தத்தில் 40 சதவீதத்தை எப்போதும் காக்க வேண்டிய அமைப்பில், ஓட்டம் பாதியானால் நீரைத் தள்ளத் தேவையான திறன் 27.5 சதவீதமாக இருக்கும், 12.5 ஆகாது. அதுவே நல்ல சேமிப்புதான், பொய்க்கணக்கு எதற்கு?

ஓட்டத்தைக் குறைப்பதற்குப் பதிலாக அனுப்பும் நீரின் வெப்பநிலையை 7-லிருந்து 10 டிகிரிக்கு உயர்த்தலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். வறண்ட ஊர்களில் அது நன்றாகவே பலிக்கும். குளச்சல் முதல் கன்னியாகுமரி வரை கடற்காற்று வீசும் நம் பகுதியில், மழைக்காலத்தில் வெயில் தணிந்தாலும் ஈரம் தணியாது. காயில் போதிய அளவு குளிரவில்லை என்றால் ஈரத்தைப் பிழிந்தெடுக்க முடியாது, அறை குளிர்ந்திருந்தும் உடம்பு பிசுபிசுக்கும், ஜவுளிக்கட்டில் பூஞ்சை வாடை ஏறும். ஆகவே நம் ஊருக்கு நீரைக் குளிர்ச்சியாகவே வைத்துக்கொண்டு ஓட்டத்தைக் குறைப்பதுதான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. உப்புக்காற்றில் காயிலின் தகடுகள் அரித்து, ஃபில்டரும் அடைத்துக்கொண்டால் வால்வு முழுதாகத் திறந்தே கிடக்கும், நீர் வெப்பத்தை வாங்காமல் திரும்பும், பம்ப் வேகமெடுக்கும் என்பதையும் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத உரிமையாளர்கள் கவனிக்க வேண்டும்.

பேனலில் 50-ஐப் பூட்டிவைத்த ஆபரேட்டரை நான் குறை சொல்ல மாட்டேன். சில்லருக்குள் செல்லும் நீர் அதன் தயாரிப்பாளர் குறித்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால், நீர் உறையும் அபாயத்தைத் தவிர்க்க சில்லர் நின்றுவிடும். அந்த எல்லைக்கு ஓட்டம் இறங்கும்போது திறந்துகொடுக்க ஒரு பைபாஸ் (பக்கவழி) வால்வும், அதற்குக் கட்டளையிட ஒரு ஓட்ட அளவியும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் முகூர்த்த நேரத்தில் சில்லர் நின்றால் ஏச்சு வாங்குபவர் அவர்தான், வி.எஃப்.டி. விற்றவர் அல்ல. இந்தக் குறை, கோடையில் முழுச் சுமையில் ஓட்டிக்காட்டி ஒப்படைக்கும்போது வெளியே தெரியாது. ஆனி, ஆடியில் சாரல் விழும் நாட்களில், மண்டபம் காலியாகக் கிடக்கும்போது, ஒப்பந்தக்காரர் மீண்டும் வந்து குறைந்த வேகத்தில் பம்பை ஓட்டி, சில்லர் நிற்கவில்லை என்பதையும் திரும்பும் நீர் 12 டிகிரியை ஒட்டி இருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். கடைசித் தவணைப் பணத்தை அதுவரை பிடித்துவைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.