எதிர்த்து வாதாட ஆளே இல்லாத கேஸ்

அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல 24 வருஷமா இருந்த சட்டம் ஒண்ணு 2025 ஜூன் 4ஆம் தேதி ஒரே நாள்ல காலி. முறையான குடியேற்ற பேப்பர் இல்லாத பிள்ளைங்களும் இங்கயே ஸ்கூல் முடிச்சு மூணு வருஷம் இங்க இருந்திருந்தா காலேஜ்ல உள்ளூர்க்காரங்களுக்கான குறைஞ்ச ஃபீஸே கட்டலாம்னு 2001ல வந்த சட்டம், கையெழுத்துப் போட்டவர் ரிக் பெர்ரி, ரிபப்ளிகன் கவர்னர். 2025லயும் இதை ரத்து பண்ண மசோதா வந்துச்சு, நிறைவேறாமலே ஜூன் 2ஆம் தேதி சட்டசபை முடிஞ்சிடுச்சு. ரெண்டே நாள்ல மத்திய அரசு கேஸ் போடுது, சட்டத்தைக் காப்பாத்த வேண்டிய அட்டர்னி ஜெனரல் (மாநில அரசோட தலைமை வக்கீல்) கென் பாக்ஸ்டன் அன்னிக்கே "ஆமா செல்லாது"ன்னு ஒத்துக்கறார், ஜட்ஜும் அன்னிக்கே தடை போட்டுடறார். வாதியும் பிரதிவாதியும் ஒரே பக்கம் நின்னா அதுக்குப் பேரு வழக்கா? எனக்குக் கோபமே இதுலதான்.

சட்டச் சிக்கலே இல்லன்னு சொல்லல. குடியிருப்பைக் காரணமா வச்சு பேப்பர் இல்லாதவங்களுக்கு சலுகை குடுத்தா வேற மாநில சிட்டிசனுக்கும் குடுக்கணும்னு 1996 ஃபெடரல் சட்டம், அதாவது மத்திய அரசு சட்டம், சொல்லுது. கலிஃபோர்னியால குடியிருப்பைப் பார்க்கல, மூணு வருஷம் அங்க ஹைஸ்கூல் படிச்சிருந்தா போதும், வெளிமாநில சிட்டிசனுக்கும் அது பொருந்தும், அதனால செல்லும்னு அந்த மாநில சுப்ரீம் கோர்ட் 2010ல சொல்லிடுச்சு. டெக்சாஸ் சட்டம் குடியிருப்பையே பிடிச்சு நிக்குது, அதனால இங்க வாதம் கஷ்டம்தான். கஷ்டமோ சுலபமோ, யாராவது எழுந்து நின்னு பேசியிருக்கணும்ல?

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, கைக்குழந்தையா தூக்கிட்டு வந்தது, நர்சிங் படிக்குது. கிரீன் கார்டுக்குத் தகுதி வந்த உடனே அப்ளை பண்றேன்னு சட்டம் கேட்டபடி எழுதிக் குடுத்த பொண்ணு. அம்மா வீடு வீடா கிளீனிங் போறாங்க. இப்ப பாதிப் படிப்புல ஃபீஸ் பல மடங்கு ஏறி நிக்குது, ஃபெடரல் கல்விக் கடனும் இவங்களுக்குக் கிடையாது. இந்தச் சலுகையை எதிர்க்கறவங்க நம்ம வரிப்பணம்ங்கறாங்க, டெக்சாஸ்ல மாநில வருமான வரியே இல்லயே, கடையில சாமான் வாங்கும்போது கட்டற சேல்ஸ் டாக்ஸை அந்த அம்மாவும்தான் கட்டறாங்க.

டல்லாஸ் பக்கம் நம்ம ஆளுங்க சிலர் "முறையா விசால வந்த எங்க பிள்ளைங்களே 21 வயசானா ஹெச்4 (வேலை விசாக்காரங்க குடும்பத்துக்கான விசா) போய் திண்டாடுதுங்க, இவங்களுக்கு மட்டும் என்ன"ன்னு கேக்கறாங்க. அந்த வலி நிஜம்ங்க. ஆனா அது நாட்டுக்கு இத்தனைதான்னு கிரீன் கார்டுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் வச்ச உச்சவரம்பால வர்ற வலி, இந்தப் பொண்ணோட ஃபீஸை ஏத்தினா நம்ம கிரீன் கார்டு வரிசை ஒரு நாள்கூட நகராது.

மாணவர்கள் "எங்களையும் கேஸ்ல சேருங்க, நாங்க வாதாடறோம்"னு கேட்டாங்க, அதே ஜட்ஜ் முடியாதுன்னுட்டார், அப்பீலுக்குப் போயிருக்காங்க. அவங்களைச் சேர்த்துக்கிட்டு முதல்லேர்ந்து விசாரிக்கணும், அதுக்கு அப்புறம் வர்ற தீர்ப்பு எதுவா இருந்தாலும் நான் ஏத்துக்கறேன்.