ஏசி கேஸ் வருடாவருடம் தீர்வதில்லை

ஏசியில் கேஸ் வருடாவருடம் தானாகக் குறையும், இரண்டு முறை நிரப்பியும் குறைந்தால் புது ஏசிதான் வழி என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியல்ல, மன்னிக்கவும். கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது.

சென்னையில் கடலோரக் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்று அவுட்டோர் (வெளியே வைக்கும் பெட்டி) காயிலை, அதாவது கேஸ் ஓடும் வளைகுழாயை, அரிக்கும், உண்மைதான். ஆனால் பல வீடுகளில் கசிவது வெறும் பிளேர் நட், அதாவது குழாயை இறுக்கிப் பிடிக்கும் நட்.

நீங்களே பார்க்கலாம். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அவுட்டோரில் குழாய்கள் சேரும் இரண்டு நட்டுகளிலும் கெட்டியான சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி பெருத்தால் கசிவு அங்கேதான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் சந்தேகப்படுங்கள். (மாடிச் சுவரில் தொங்கும் அவுட்டோர் என்றால் எட்டிப் பார்க்காதீர்கள், மெக்கானிக் பார்க்கட்டும்.)

கேஸ் முழுக்கப் போயிருந்தால் குமிழியே வராது. அப்போது நைட்ரஜன் ஏற்றி அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கசிவை அடைத்து, வேக்குவம் போட்ட (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்த) பிறகு, அவுட்டோரில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள கிராம் அளவுக்குத் தராசில் எடைபோட்டுத்தான் நிரப்ப வேண்டும். காயிலே பல இடத்தில் அரித்திருந்தால் மட்டும் புது ஏசி விலையைக் கேளுங்கள்.