மாதுளம் வேர்ப்பட்டை: தோலுக்குச் சொன்ன அளவை வேருக்குச் சொல்லாதீர்கள்

மாதுளையைப் பற்றிய பகிர்வுகளில் ஒரு வரி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது: "வேர்ப்பட்டையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் வயிற்றுப் பூச்சியெல்லாம் வெளியே வந்துவிடும்." எவ்வளவு பட்டை, எந்தப் பூச்சி, குடித்தபின் என்ன செய்ய வேண்டும், யார் தொடவே கூடாது, இதில் ஒன்றும் இருக்காது. பழத்தோலைப் போடலாமா என்று யாராவது கேட்டால், எல்லாம் ஒன்றுதான் என்று பதில் வரும். ஒன்றல்ல. இந்தப் பதிவு அதற்காகத்தான்.

பழத்தோல், பிஞ்சு, பூ ஆகியவற்றில் நாம் நாடுவது துவர்ப்பை, அதாவது டானினை. அது சவ்வின் மேற்பரப்பிலுள்ள புரதத்தோடு சேர்ந்து அதை இறுக்குகிறது, கசிவைக் குறைக்கிறது. கழிச்சலுக்கும் ஈறில் ரத்தம் வருவதற்கும் தோலைப் பயன்படுத்துவது இதனால்தான். வேர்ப்பட்டையிலும் டானின் நிறைய உண்டு, சுமார் 20 சதவீதம். ஆனால் கூடவே பெல்லட்டியரின் வகை ஆல்கலாய்டுகளும் (செடியில் உண்டாகி, உடலில் வலுவாக வேலை செய்யும் வேதிப்பொருள்கள்) அரை சதவீத அளவில் இருக்கின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் தான்ரே 1878இல் இவற்றைப் பிரித்தெடுத்து, மலேரியா மருந்தான குயினைனைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான பெல்லட்டியேயின் பெயரைச் சூட்டினார். நாடாப்புழுவைச் செயலிழக்கச் செய்து குடலில் பிடித்த பிடியை விடவைப்பது இந்த அரை சதவீதம்தான். ஆளை மயக்கித் தள்ளுவதும் அதுவேதான்.

இதில் துவர்ப்புக்கும் ஒரு வேலை உண்டு. ஆல்கலாய்டைத் தனி உப்பாகக் கொடுத்தால் சீக்கிரம் ரத்தத்தில் ஏறிவிடும். புழுவுக்குப் போய்ச் சேர வேண்டியது நோயாளிக்குப் போய்ச் சேரும். டானினோடு சேர்ந்திருக்கும்போது எளிதில் கரையாது, குடலிலேயே அதிக நேரம் தங்கும். அதனால்தான் மேல்நாட்டு மருந்தகங்களிலும் டானினோடு சேர்ந்த உப்பான பெல்லட்டியரின் டானேட்டாகவே அது விற்கப்பட்டது. பழைய வைத்தியர்கள் முழுப் பட்டையைக் காய்ச்சியதில் இந்த நியாயம் ஒளிந்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கில மருத்துவர்கள் எழுதிவைத்த முறை இது: நொறுக்கிய புதுப்பட்டை 2 அவுன்சு (சுமார் 57 கிராம்), தண்ணீர் 2 பைண்ட் (ஒரு லிட்டருக்குச் சற்று மேல்), பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்ட வேண்டும். வெறும் வயிற்றில் அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்து, பிறகு விளக்கெண்ணெய். வரலாறாகச் சொல்கிறேன், அடுப்பில் ஏற்றுவதற்கு அல்ல. காரணம் அடுத்த எண்ணில் இருக்கிறது. ஏறத்தாழ 80 கிராமுக்கு மேல் போனால் கடும் வாந்தி, தலைச்சுற்றல், குளிர் நடுக்கம், பார்வை மங்கல், சில வேளை தற்காலிகப் பார்வையிழப்பு, மயங்கி விழுதல் என்று நச்சியல் நூல்கள் எச்சரிக்கின்றன. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே ஒரு கைப்பிடி பட்டைகூட இல்லை. மரத்துக்கு மரம் ஆல்கலாய்டின் அளவும் மாறும். சமையலறைத் தராசை நம்பி இறங்கும் விஷயமா இது?

அந்த விளக்கெண்ணெய் ஏதோ சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. புழு சாவதில்லை, தளர்கிறது, அதுவும் சற்று நேரத்துக்கு. அதற்குள் பேதியாகி வெளியேறாவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கணுக்கள் முழம் முழமாக வந்தாலும் குண்டூசித் தலையளவே உள்ள அதன் தலை உள்ளே நின்றுவிட்டால், இரண்டு மூன்று மாதத்தில் புழு பழைய நீளத்துக்கு வளர்ந்துவிடும். "எங்கள் வீட்டில் நிறைய வந்தது" என்பது குணமானதற்குச் சாட்சி ஆகாது.

பழைய சரக்கு இன்னொரு சிக்கல். பெல்லட்டியரின் எண்ணெய் போன்ற திரவம், காற்றுப் பட்டால் கெடும். கடையில் வருஷக்கணக்கில் மூட்டையில் கிடந்த பட்டையில் துவர்ப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். அதைக் குடித்துவிட்டுப் பலனில்லை என்று அடுத்த முறை அளவைக் கூட்டுவார்கள். அந்த முறை கையில் கிடைப்பது புதுப்பட்டையாக இருந்தால்தான் ஆபத்து. நல்ல பட்டையின் உட்புறம் வழுவழுப்பாக மஞ்சளாயிருக்கும், ஒடித்தால் நார் இழுக்காமல் முறியும், மென்றால் எச்சில் மஞ்சளாகும், துவர்ப்பே மேலோங்கும். கசப்புத் தூக்கலாக இருந்தால் அது வேறு மரம்.

இன்னும் அடிப்படையான கேள்வி: உங்கள் பிள்ளைக்கு இருப்பது நாடாப்புழுதானா? பெரும்பாலும் கீரிப்பூச்சி, உருண்டைப்புழு, கொக்கிப்புழு. அவற்றுக்கு இந்தப் பட்டை சரியான மருந்தே அல்ல. பள்ளியில் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல் போதும். மலத்தில் வெள்ளையாய்த் தட்டையாய்ப் பூசணி விதைபோலத் துண்டுகள் தெரிந்தால் நாடாப்புழுவைச் சந்தேகியுங்கள், மலப் பரிசோதனை செய்யுங்கள். நிக்ளோசமைடு, பிராசிகுவான்டல் இரண்டும் பொதுவாக ஒரே வேளை மருந்துகள், அளவை மருத்துவர் சொல்வார். முன்பு வலிப்பு வந்தவராக இருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பன்றி நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வரும் நீர்க்கட்டி மூளையில் இருந்தால் சிகிச்சை முறையே வேறு. கர்ப்பிணிகள், குழந்தைகள், பார்வைக் கோளாறு உள்ளவர்கள் வேர்ப்பட்டைப் பக்கமே போகக் கூடாது.

மரத்துக்கும் ஒரு வார்த்தை. வேர்ப்பட்டையைச் சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும். தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட மரம்தானே என்று எடுத்தால், வாடல் நோய்க்கு வேரடியில் ஊற்றிய பூஞ்சணக்கொல்லியும் பூச்சிமருந்தும் அதில் இருக்கக்கூடும்.

துவர்ப்பு வேண்டுமென்றால் பழத்தோலே போதும். நிழலில் உலர்த்திய தோல் 10 கிராம், தண்ணீர் 160 மில்லி, பாதியாகச் சுண்டவைத்து வடிகட்டி, இளஞ்சூட்டில் ஒரு நிமிடம் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். நாளைக்கு மூன்று வேளை. வாய்ப்புண்ணுக்கும் ஈறு வீக்கத்துக்கும் கேட்கும். இரும்புச் சட்டியில் காய்ச்சாதீர்கள். டானினும் இரும்பும் சேர்ந்து மைபோலக் கறுத்து, துவர்ப்பு வீணாகிவிடும். சாதாரணக் கழிச்சலுக்குப் பெரியவர்கள் இதே கஷாயத்தில் 30 மில்லி குடிக்கலாம், ஓஆர்எஸ் கரைசலை நிறுத்தாமல். காய்ச்சலோடு ரத்தமும் சளியும் போனால் கட்டுப்படுத்த முயலாமல் மருத்துவரிடம் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தக் கஷாயத்துக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.