பூட்டி வைத்தால் மரியாதையா?

அந்தப் பதிவை இன்பாக்ஸில் அனுப்புவதை நிறுத்துங்கள், நானும் பார்த்துவிட்டேன். 'ஜப்பான்காரன் தன் மன்னர் சமாதியில் ஒரு மண்வெட்டியைக்கூட வைக்க விடமாட்டான், அதுதான் பண்பாடு' என்று நண்பர் எழுதியது, நான் கீழே ரெண்டு வரி மறுப்பு போட்டது, ஒருவர் என்னைப் 'பிணம் தோண்டி' என்றது, அதற்கு நண்பரே சிரிப்பு ஸ்மைலி போட்டது, எல்லாம் ஊரே பார்த்ததுதான். சரி, அங்கே பேச விடவில்லை, இங்கே பேசுகிறேன்.

பூட்டி வைப்பது மரியாதை ஆகாது. உள்ளே யார் என்றே தெரியாமல் பூட்டி வைப்பது நிச்சயமாக ஆகாது.

நண்பர் போட்ட படம் ஜப்பானின் ஒசாகா மாகாணத்துச் சகாய் நகரில் உள்ள டைசென் கோஃபுன். கோஃபுன் என்றால் மண்மேடாக எழுப்பிய பழங்காலச் சமாதி. சாவித்துளை வடிவம், 486 மீட்டர் நீளம், சுற்றி மூன்று அகழி. பழங்கால மன்னர் நிந்தோகு பேரரசருடையது என்கிறது, அரச சமாதிகளைப் பூட்டிக் காவல் காக்கும் ஜப்பான் அரசின் அரண்மனை முகமை. இந்தப் பெயர்களெல்லாம் பழைய ஏடுகளைப் பார்த்து, ஆயிரம் வருடத்துக்கும் மேல் கழித்து, எடோ, மெய்ஜி காலங்களில் ஒட்டியவை. நிந்தோகுவுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த மகன் ரிச்சூவுக்கு என்று காட்டும் மேடு, ஆய்வாளர்கள் கணக்கில் அப்பாவுடையதைவிடப் பழையது! மகனுக்குத்தான் முதலில் கட்டினார்கள் போலிருக்கிறது. அப்புறம் அந்த மண்வெட்டி: 2018-ல் அதே முகமையே சகாய் நகராட்சியோடு சேர்ந்து அகழிக் கரையைத் தோண்டிப் பார்த்தது. பண்பாடு அன்று விடுப்பில் இருந்ததா?

நான் அங்கே போய் நின்றிருக்கிறேன். வேலி, கூழாங்கல் தரை, தோரி என்கிற ஜப்பானியக் கோயில் வாசல், அதற்குப் பின்னால் மரங்கள். அவ்வளவுதான். சாவித்துளையைப் பார்க்க வேண்டுமென்றால் வானத்திலிருந்து எடுத்த படம்தான் கதி.

அதே ஒசாகா மாகாணத்தில் தகட்சுகி ஊருக்குப் போங்கள், இமஷிரோசுகா என்கிற சமாதி மேடு இருக்கிறது. 531-ல் இறந்த கெய்தாய் பேரரசரின் சமாதி இதுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. முகமையோ பக்கத்து ஊரான இபராகியில் இருக்கிற, ஏறக்குறைய நூறு வருடம் முந்தைய வேறொரு மேட்டைக் கெய்தாய் பெயரில் காவல் காக்கிறது. முகமையின் கையில் இல்லாததால் இமஷிரோசுகாவைத் தோண்ட முடிந்தது. ஹனிவா என்கிற சுடுமண் உருவங்கள், வீடுகள், குதிரைகள், வீரர்கள், நீர்ப்பறவைகள் வரிசை வரிசையாகக் கிடைத்தன. மூன்று வகைக் கல்லில் சவப்பெட்டித் துண்டுகள், அதில் ஒன்று தெற்கே கியூஷூ தீவிலிருந்து கடல் வழியாக வந்த இளஞ்சிவப்புக் கல். இன்றைக்கு அது பூங்கா. ஹனிவா நகல்களுக்கு நடுவே குழந்தைகள் ஓடுகிறார்கள், பெரியவர்கள் மேட்டின் மேல் நடைப்பயிற்சி போகிறார்கள். மன்னருக்கு என்ன குறைந்துவிட்டது? பூட்டிய இடத்தில் வேறு யாரோ, திறந்த இடத்தில் மன்னர். இதில் எது மரியாதை, நீங்களே சொல்லுங்கள்.

உடனே 'தகமட்சுசுகா என்ன ஆனது?' என்று வருவீர்கள், தெரியும். அசுகா என்ற ஊரில் இருக்கிற இன்னொரு பழைய கல்லறை அது. 1972-ல் திறந்தார்கள், அற்புதமான சுவரோவியங்கள், பிறகு பூஞ்சை பிடித்து 2007-ல் கல்லறையையே கல் கல்லாகப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. உண்மைதான். ஆனால் ஓவியத்துக்குச் சேதம் ஏற்பட்டதை வெளியே சொல்லாமல் வருடக்கணக்கில் மறைத்தது யார்? அதிகாரிகள். அதுவும் ஒரு வகைப் பூட்டுதான். அதே அசுகாவில் இஷிபுதாய் என்ற சமாதி மேட்டின் மண்ணெல்லாம் போய் 70 டன்னுக்கும் மேற்பட்ட கூரைக்கல் வெட்டவெளியில் நிற்கிறது, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். குடியா முழுகிவிட்டது?

'உன் தாத்தா சமாதியைத் தோண்டினால் சும்மா இருப்பாயா?' இதற்குத்தான் அதிக லைக். என் தாத்தா சமாதி சாலையை அகலப்படுத்தியபோதே போய்விட்டது ஐயா. ஆய்வாளர் வரவில்லை, ஜேசிபிதான் வந்தது. அப்போது நான் போட்ட பதிவில் பண்பாடு பேச ஒருவரும் வரவில்லை, இதே நண்பர் உட்பட. ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்தைய அடுத்த நாட்டு மன்னருக்கு இன்று கண்ணீர் விடுகிறார்கள்.

'பிணம் தோண்டி' என்றவரை பிளாக் செய்துவிட்டேன். நண்பரைச் செய்யவில்லை, அவர் இதைப் படிக்க வேண்டும்.