பைக்குள் போன வெறுங்கை

கொஞ்சம் நீளமான பதிவு. நவம்பரிலிருந்து மனதில் கிடந்து அரிக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலமும் வந்துவிட்டது, எழுதிவிடுகிறேன்.

எங்கள் சபையில் இன்னமும் பையில்தான் காணிக்கை எடுப்பார்கள். மரக் கைப்பிடி வைத்த சிவப்பு வெல்வெட் பை. காணிக்கைப் பாட்டு பாடும்போது வரிசை வரிசையாகக் கைமாறி வரும். நவம்பரில் ஒரு ஞாயிறு, நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு அண்ணன், பை வந்ததும் மூடிய கையை உள்ளே விட்டு, மூடியபடியே வெளியே எடுத்தார். தற்செயலாகத்தான் பார்த்தேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்குகிற நேரத்தில் மூன்று வாரம் அந்த இடம் காலி. அவர் மனைவியிடம் கேட்டேன். முதலில் "உடம்பு சரியில்லை" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பை வரும்போது அவருக்குக் கூசுதுக்கா, அதான் வரமாட்டேங்கிறார்" என்றார்.

அவர் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர். இருபத்தைந்து வருடமாகப் பற்றவைக்கும் வேலை.

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் போனால் தெருவுக்குத் தெரு கொலுசு வேலை. கம்பி இழுப்பது ஓரிடம், பற்றவைப்பது ஓரிடம், சலங்கை கோர்ப்பது யாரோ ஒரு வீட்டுத் திண்ணையில், மெருகு போடுவது தனி. ஒரு ஜோடி கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ கை மாறும். அந்தக் கைகளில் பெரும்பாலானவை வெள்ளிக்குச் சொந்தக் கைகள் கிடையாது. வெள்ளி வியாபாரியுடையதாகவோ பட்டறைக்காரருடையதாகவோ இருக்கும், இவர்களுக்குக் கூலி. அதுவும் எடைக்குத்தான் கூலி.

2025 தொடக்கத்தில் கிலோ ஒரு லட்சத்தை ஒட்டி இருந்த வெள்ளி, வருடம் முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டிப் போனது. வெள்ளி வாங்கி வைத்தவர்களுக்கு யோகம் என்று டிவியில் பேசினார்கள். பட்டறைப் பக்கம் கணக்கே வேறு. பத்து லட்சம் ரூபாய் முதலீடு வைத்திருக்கும் ஒரு சிறிய பட்டறைக்காரர் முன்பு பத்துக் கிலோ வாங்கி ஆட்களுக்கு வேலை கொடுப்பார். அதே பணத்துக்கு இப்போது ஐந்து கிலோகூட வராது. ஐந்து கிலோவுக்கு உண்டான கூலியைத்தான் அத்தனை பேரும் பங்கு போட வேண்டும். வாங்க வருகிறவர்களும் கனமான கொலுசைப் பார்த்துவிட்டு மெல்லியதாக எடுத்துக்கொண்டு போகிறார்கள், இல்லையென்றால் "அப்புறம் வரோம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். வெள்ளி விலை ஏறிக்கொண்டே போன அதே மாதங்களில்தான் வெள்ளியைத் தொட்டுப் பிழைக்கிற இந்த அண்ணனுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை என்று ஆனது.

அவர் வராத ஞாயிறு ஒன்றில் தசமபாகத்தைப் பற்றிப் பிரசங்கம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பதைப் பற்றி. கஷ்ட காலத்தில்தான் விசுவாசத்தோடு கொடுக்க வேண்டும், கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்ப வரும், ஏழை விதவை தன்னிடம் இருந்த இரண்டு காசையும் போடவில்லையா என்று. போதகரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, அந்த ஊழியத்தின் பாரம் எனக்குத் தெரியும். ஆனால் எனக்குச் சங்கடமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பைபிளில் மாற்கு 12ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். விதவை காணிக்கைப் பெட்டியருகே வருவதற்குச் சற்று முன்னால், 40ஆம் வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டிக்கிறார். அவள் காசு போட்டு முடிந்ததும், 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, தேவாலயத்தின் கட்டடத்தைக் காட்டி வியக்கிற சீஷனிடம் இதில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள் அவள். இயேசு அவளுடைய மனதைப் பாராட்டினார், உண்மை. அவளிடமிருந்து அந்த இரண்டு காசை வாங்கிக்கொள்ளச் சொல்லி யாருக்கும் கட்டளை கொடுக்கவில்லை. நாற்பது வருடமாக அந்த இரண்டு காசைப் பற்றிப் பிரசங்கம் கேட்கிறேன். அன்று சாயங்காலம் அவள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்ட பிரசங்கம் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

நூறு மடங்கு பேச்சையும் சொல்லிவிடுகிறேன். ஏலச்சீட்டு கட்டுவது போலக் கர்த்தரிடம் கட்டிவிட்டு, எப்போது சீட்டு விழும் என்று காத்திருப்பதா விசுவாசம்? எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பவுல் பணம் சேர்த்தபோது, மக்கெதோனியா சபையார் தாங்களே கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டு கொடுத்தார்கள் என்று 2 கொரிந்தியர் 8இல் எழுதுகிறார். அவர்களுக்குப் பதிலுக்கு என்ன கிடைத்தது என்று அங்கே ஒரு வரி கிடையாது. அதே அதிகாரத்தில் பவுல் இன்னொன்றும் சொல்கிறார்: இல்லாததிலிருந்து யாரும் கொடுக்க வேண்டாம், உள்ளதிலிருந்து கொடுங்கள், உங்களை நெருக்கிவிட்டு மற்றவரைச் சுகமாக வைப்பதற்காகச் சொல்லவில்லை, சமநிலைக்காகச் சொல்கிறேன் என்கிறார். சமநிலை. அந்த ஒரு சொல்லை வைத்து ஒரு வருடம் முழுக்கப் பிரசங்கம் பண்ணலாம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர். படிப்பு கிடையாது. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர். சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அம்மாயி கூடையைத் தூக்கிய காலத்திலும் கூலி வாழ்க்கை சுலபமாகிவிடவில்லை. மார்கழி, தையில் பழம் சிவந்து நிற்கும்போது கைநிறைய வேலை. மழைக் காலத்தில் பல நாள் கூப்பிட ஆள் வராது. அப்படிப்பட்ட வீட்டில், உலையில் போட அளந்த அரிசியிலிருந்து கழுவுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து, அடுப்பு மூலையில் இருந்த மண் கலயத்தில் போடுவார். தினமும் ஒரு பிடி. அரிசியைக் குறைத்து அளந்த நாளிலும் அந்தப் பிடி உண்டு. ஞாயிற்றுக்கிழமை துணியில் முடிந்து கோயிலுக்கு எடுத்துப் போவார். பிடியரிசி என்று நம் சபைகளில் பல ஊர்களில் இருந்த பழக்கம்தான், வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சேர்ந்த அரிசி யாருக்குப் போகும் என்பது சபையைக் கவனித்துக்கொண்ட உபதேசியாருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். விளக்கு வைத்த பிறகு அந்த அம்மா ஒரு சும்மாட்டுத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு போய், பின்வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவாராம். ஒரு ஆடி மாதம் அந்த அரிசி அம்மாயி வீட்டுக்கே வந்திருக்கிறது. அதை அவர் என் அம்மாவிடம் பல வருடம் கழித்துத்தான் சொன்னார். வந்த அரிசியிலிருந்தும் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் உலை வைத்தாராம்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில் கொடுக்கிறவர்கள் ஒரு கூட்டம், வாங்குகிறவர்கள் இன்னொரு கூட்டம் என்று இல்லை. எல்லார் வீட்டிலும் கலயம் இருந்தது. எந்த வீட்டுப் பின்வாசலும் திறக்கலாம். யார் முகமும் யாருக்கு முன்னாலும் சிறுத்துப்போகவில்லை. எங்கள் சபையிலோ ஒருவர் வெறுங்கையை மூடிக்கொண்டு பைக்குள் விட வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் பெண்கள் ஐக்கியத்தில் ஆறு பேர் பேசி, பிடியரிசியை மறுபடியும் தொடங்கினோம். அரிசியாக வேண்டாம் என்று முடிவு செய்தோம். 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது, அரிசி இல்லாமல் உலை வைக்காத வீடு இன்று குறைவு. நெருக்கடி வேறு இடத்தில் இருக்கிறது. வாடகை இரண்டு மாதம் பாக்கி. சர்க்கரை மாத்திரை தீர்ந்து ஒரு வாரம். தோடு அடகில். பையனுக்குச் செமஸ்டர் கட்டணம். எல்லாவற்றுக்கும் மேலே குழுக் கடன். வாரா வாரம் காலையில் வசூலுக்கு ஆள் வந்து உட்காருவார். ஒருத்தியால் கட்ட முடியாவிட்டால் குழுவில் இருக்கிற மற்றவர்கள் அதைப் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். கூடப்பிறந்தவர்கள் மாதிரிப் பழகிய பெண்கள் ஒரு தவணைக்காகப் பேச்சை முறித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். ஒரு டப்பாவில் போட்டு வைத்து மாதக் கடைசியில் கொண்டுவர வேண்டும். ஆறு வீடு பத்தொன்பது வீடாகியிருக்கிறது. எல்லாரும் தவறாமல் போட்டால் மாதம் ஐயாயிரத்துச் சொச்சம் வரும். யார் டப்பாவில் எவ்வளவு இருந்தது என்று எழுதுவதில்லை. முடியாத மாதம் காலி டப்பாவைக் கொண்டுவந்தாலும் சரி. கட்டணமாக இருந்தால் நேராகக் கல்லூரியில் கட்டிவிடுகிறோம், மாத்திரையாக இருந்தால் மருந்துக் கடையில் சொல்லிவைக்கிறோம். யாருக்கு என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அந்த அண்ணனோடு பட்டறையில் உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் நம் சபைக்காரர்கள் கிடையாது. அவர்களில் ஒரு வீட்டுக்கும் போயிருக்கிறது. யாவருக்கும் நன்மை செய்யக்கடவோம் என்ற வசனத்தில் யாவருக்கும் என்பதுதான் முதலில் வருகிறது, விசுவாசக் குடும்பத்தார் என்பது அதற்குப் பிறகுதான்.

தப்பும் செய்தோம். முதல் மாதம் ஒரு வீட்டுக்கு மளிகைப் பையோடு மூன்று பேராகப் போய் நின்றோம். அந்த அம்மா சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார். மறுநாள் எதிர்வீட்டில் "என்ன, கோயில்காரங்க வந்திருந்தாங்க போல" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. அன்றோடு கூட்டமாகப் போவதை நிறுத்திவிட்டோம். இந்த இடத்தில் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: அரிசிப் பை கொடுக்கும்போது போட்டோ எடுத்து குரூப்பில் போடாதீர்கள். அந்த வீட்டுப் பெண் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் இந்தப் பதிவு முழுதாகாது. எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா தீபாவளிக்கு முன்னால் சம்பளத்தில் 500 ரூபாய் கூட்டிக் கேட்டார். "இப்போ எங்களுக்கே கஷ்டமா இருக்குக்கா, தை பிறக்கட்டும்" என்றேன். அதே மாதம் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் 1000 ரூபாய் வைத்தேன். இரண்டையும் நானே செய்தேன், இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. யாக்கோபு 5இல், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதியிருப்பதை எத்தனை முறை வாசித்திருப்பேன். ஜனவரியில் அக்டோபரிலிருந்து சேர்த்துக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் வாங்கிச் செருகிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனார்.

நம் சபைகளில் கடை வைத்திருப்பவர்கள், தறி வைத்திருப்பவர்கள், பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் இருக்கிறோம். இந்த நேரத்தில் ஆட்குறைப்பு செய்யாமல் சமாளிப்பதும், சம்பளத்தைத் தேதி தள்ளாமல் கொடுப்பதும், வாடகைக்கு இருப்பவருக்கு ஒரு மாதம் பொறுப்பதும் காணிக்கைக்கு முன்னால் வருகிற காரியங்கள் என்று நான் நம்புகிறேன். வாடகை பாக்கிக்காக ஒரு குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு, காணிக்கையாக வந்த பூசணிக்காயைச் சபையின் பண்டிகை ஏலத்தில் இரண்டாயிரத்துக்கு எடுப்பதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அந்த அண்ணன் பொங்கலுக்குப் பிறகு மறுபடியும் வர ஆரம்பித்திருக்கிறார். ஆனால் உடனே உள்ளே வருவதில்லை. காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே நிற்கிறார். காணிக்கைப் பாட்டு முடிந்த பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறார்.

பைக்குப் பதிலாக வாசலில் ஒரு பெட்டி வைக்கலாம், கொடுக்கிறவர்கள் போகும்போதோ வரும்போதோ போட்டுக்கொள்ளட்டும் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெட்டி வைத்தால் வசூல் குறைந்துவிடும், கூரை வேலை பாதியில் நிற்கிறது என்று ஒரு பெரியவர் சொன்னார். குறையலாம். கூரை இன்னொரு வருடம் பொறுக்கும்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. நம் சபையார் யாராவது இதை வாசித்தால், அன்றைக்கு ஒரு அரை மணி நேரம் வீட்டுக்குப் போகாமல் இருங்கள்.