ஊசி பாலைக் கூட்டாது, மடியிலிருந்து இறக்கத்தான் செய்யும்

"ஆக்சிடோசின் ஊசி போட்டால் மாடு இரண்டு மடங்கு பால் கொடுக்கும், அந்தப் பாலைக் குடிக்கும் பெண் பிள்ளைகள் சீக்கிரமே வயதுக்கு வருவார்கள்." தாராபுரம், காங்கேயம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தியில் இரண்டு பாதியும் தவறு.

பால் சுரப்பது வேறு, இறங்குவது வேறு. கன்று ஈன்றதும் சுரப்பைத் தொடங்கி வைப்பதில் புரோலாக்டின் என்ற ஹார்மோனுக்கு முக்கியப் பங்கு. அப்புறம் அதைத் தாங்கிப் பிடிப்பதில் வளர்ச்சி ஹார்மோனுக்கு. ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் வேலை மடிக்குள் சேர்ந்த பாலை நுண்ணறைகளிலிருந்து (பால் சுரக்கும் சின்னப் பைகளிலிருந்து) பிழிந்து காம்புக்குத் தள்ளுவது மட்டும்தான். கன்று முட்டினாலோ காம்பைக் கழுவித் தடவினாலோ மூளையே ஆக்சிடோசினை விடும். ஒரு நிமிடத்தில் பால் இறங்கும், சில நிமிடங்களில் வேகம் தணிந்துவிடும். கட்டுத்தரையில் நாய் குரைத்து மாடு மிரண்டால் பயத்தில் சுரக்கும் அட்ரினலின் ஹார்மோன் குறுக்கே வந்து பால் அடங்கிவிடும். கன்று செத்த மாட்டுக்கு வைக்கோல் கன்று கட்டிக் காட்டிய நம் அப்பாருமார் இதை ஹார்மோன் பெயர் தெரியாமலே செய்தார்கள்!

சரி, பிள்ளைகள் விஷயம்? ஆக்சிடோசின் ஒரு சின்னப் புரதத் துண்டு. குடித்தால் குடலில் செரித்துப் போகும். பூப்பைத் தூண்டும் ஹார்மோனும் அது அல்ல.

அதற்காக ஊசி நல்லது என்று சொல்லவில்லை. தினமும் போட்டுப் பழக்கிய மாடு, ஊசி இல்லாமல் பாலை விடவே மறுக்கும். கறவையைக் கூட்ட மாட்டுக்குக் கேடான ஊசி போடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.